மேக்க வலி

செத்துப்போன என் வீட்டுக்காரர் சிதம்பரத்தில் மீன்கடை வைத்திருக்கிறார் என்று பொன்னிதான் வந்து சொன்னாள்.

திருப்பாப்புலியூர் மார்க்கெட்டில் எனக்குப் பக்கத்துக் கூடை அவளுடையது. வாயை மூடத் தெரியாதவள், ஆனால் பொய் சொல்ல மாட்டாள். அன்று காலை கூடையை இறக்கி வைத்த கையோடு போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட அவள் தங்கை காட்டுமன்னார்கோயில் ரோட்டில் போகும்போது பார்த்துப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். தகரக் கூரை போட்ட ஒரு மீன்கடை. கடைக்கு மேலே ஃப்ளெக்ஸ். அதில் என் வீட்டுக்காரர் தமிழ்வேந்தன் நீலச் சட்டை போட்டுக்கொண்டு சிரிக்கிறார். பக்கத்தில் அவரைவிடப் பெரிய கட்லா மீன் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது.

"ஏதோ எழுதியிருக்கே, படி," என்றேன். போன் எழுத்து என் கண்ணுக்கு எட்டாது.

பொன்னி எழுத்துக்கூட்டிப் படித்தாள். "தமிழ்வேந்தன் மலை அணை மீன்கடை. என் உயிரைக் காக்கத் தன் உயிரைக் கொடுத்த அண்ணன் நினைவாக. இவண், இளவரசு."

நிறுத்துக்கொண்டிருந்த மத்தியைத் தராசோடு கீழே வைத்தேன். வாங்க வந்த அம்மாள் என்னவோ கேட்டார். இன்றைக்கு வியாபாரம் இல்லை, போங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இளவரசு யார் என்று என்னைக் கேட்டால், என் புருஷனைத் தண்ணீரில் விட்டுவிட்டு ஓடியவன் என்பேன். எங்கள் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

போன வருஷத் தடைக்காலத்தில் நடந்தது அது. அரசாங்கம் கடலுக்குப் போகாதே என்று சொல்லும் அந்த இரண்டு மாதமும் எங்கள் ஆண்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. வலை தைப்பார்கள், சீட்டாடுவார்கள், அதுவும் அலுத்தால் பெண்டாட்டியோடு மல்லுக்கு நிற்பார்கள். அப்படி ஒரு நாளில் ஒரு காண்ட்ராக்டரின் ஆள் வந்தான். மலைமேல் பெரிய அணை இருக்கிறது, கட்லாவும் ரோகுவும் கொழுத்துக் கிடக்கின்றன, வலை போட ஆள் வேண்டும் என்றான். கடலில் வலை போடுகிறவனுக்குக் குளமெல்லாம் ஒரு பொருட்டா என்று சிரித்துக்கொண்டே இவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

அங்கே போய்ப் பார்த்தால் குளம் இல்லை, அது வேறு ஒரு உலகம். மேட்டில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும், அங்கிருந்து போன் செய்வார். "தண்ணி மூஞ்சில அடிச்சா உப்பே கரிக்கல திலகா. என்னமோ பொய்த் தண்ணி மாதிரி இருக்கு," என்பார். அணை கட்டியபோது காட்டை வெட்டாமலே தண்ணீரைத் தேக்கிவிட்டார்களாம். மூழ்கிய மரங்கள் அடியில் அப்படியே நிற்கின்றன, வலை போட்டால் கிளை பிடித்துக்கொள்கிறது என்பார். அலையே இல்லாததால் தூக்கம் வரவில்லை என்பார். "கூட ஒருத்தன் கெடக்கறான். இளவரசுன்னு பேரு, சிதம்பரம் பக்கத்து வயக்காட்டு ஆளு. நீச்சல் தெரியாது. ஆனா நல்ல மாதிரி," என்பார்.

நல்ல மாதிரியாம்.

அந்த நல்ல மாதிரிதான் ஆம்புலன்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் வீட்டுக்காரரின் பிணத்தோடு எங்கள் தெருவுக்குள் வந்தான். கூட இருந்தவன் இவன்தான், தண்ணீரில் போனது இவர் ஒருத்தர் மட்டும்தான் என்று டிரைவர் சொன்னதுதான் தாமதம். என் அண்ணன் தாண்டவராயன் அவனை இழுத்துப் போட்டு அடித்தான். தெரு ஆட்களும் சேர்ந்துகொண்டு, கடலில் முழுகாத மனுஷன் நல்ல தண்ணீரிலா முழுகுவான் என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். உப்புத் தண்ணீர்தான் ஆளைத் தூக்கிப் பிடிக்கும், நல்ல தண்ணீர் கீழே இழுக்கும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. அவன் வாயைத் திறந்து என்னவோ சொல்ல வந்தான். அந்த வாயிலேயே ஒரு குத்து விழுந்தது. எப்படியோ தப்பி மெயின் ரோட்டுக்கு ஓடிவிட்டான். நான் தடுக்கவில்லை. இன்னும் நாலு அடி விழாமல் போயிற்றே என்றுதான் இருந்தது.

பிறகு மஞ்சக்குப்பம் கோர்ட்டு வாசலில் ஒரு வக்கீலைப் பிடித்துக் கேட்டேன். பார்த்த சாட்சி யாராவது உண்டா என்றார். அவன் ஒருத்தன்தான் சாட்சி என்றேன். பேனாவை மூடிவிட்டார்.

ஒரு வருஷமாக நான் சோறு தின்றது அவன் மேல் இருக்கிற கோபத்தைத் தொட்டுக்கொண்டுதான். இப்போது அந்தப் படுபாவி என் புருஷன் மூஞ்சியை அச்சடித்துக் கடைக்கு மேலே மாட்டியிருக்கிறான். உயிரைக் கொடுத்தாராம்.

அண்ணனிடம் சொன்னேன். அவன் உடனே வேட்டியை மடித்துக் கட்டினான். "நாலு பேரக் கூட்டிக்கினு போலாம் வா."

"நீ வந்தா ஒன் கைதான் பேசும். நான் மட்டும் போறேன்."

"நீ போயி இன்னா செய்வ?"

"விட்டுட்டு ஓடனேன்னு அவன் வாயாலயே சொல்லணும். அந்த ரோட்டுல நிக்கற அத்தினி பேரு காதுலயும் அது விழணும். அப்பறம் அந்த ஃப்ளெக்ஸ நானே கிழிச்சி எடுத்துக்கினு வர்றேன்."

பஸ்ஸில் உட்கார்ந்து புதுச்சத்திரம் தாண்டும்வரை என்ன என்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள்ளே ஒத்திகை பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். வாய்விட்டே பேசியிருக்கிறேன் போலிருக்கிறது.

கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே அவர் மேலே இருந்து சிரித்தார். அது எங்கள் கல்யாணத்துக்கு மறுவருஷம் எடுத்த படம். எங்கிருந்து கிடைத்ததோ, அவர் போனிலிருந்து எடுத்திருப்பான்.

கல்லாவில் அவன் இல்லை. ஒல்லியாக ஒரு பெண் அரிவாள்மனையில் உட்கார்ந்து ரோகுவுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். பவானி என்று பக்கத்தில் யாரோ கூப்பிட்டார்கள். அவன் பெண்டாட்டி என்று பார்த்தவுடனே தெரிந்தது. மீன் வாங்க நாலைந்து பேர் நின்றார்கள். நான் நேராகப் போய்ப் பலகையில் கிடந்த ஒரு கட்லாவின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன்.

"இன்னிக்குப் புடிச்சதுன்னு எழுதி வச்சிருக்க?"

"விடியக்காலம்தான் வண்டி வந்துச்சி," என்றாள் தலையைத் தூக்காமல்.

"செவுளு வெளுத்துப் போயி கெடக்குது. மலையிலேர்ந்து சிதம்பரம் வர்றதுக்குள்ள இதுக்குத் திதியே குடுத்திருக்கலாம்."

வாங்க நின்றவர்களில் ஒருத்தர் கையிலிருந்த மீனை மெல்லத் திரும்ப வைத்தார். பவானி நிமிர்ந்தாள். "வாங்கறதுன்னா வாங்கு. இல்லன்னா நவுரு. யாவார நேரத்துல வந்து வாய வைக்காத."

"படத்துல இருக்கறது யாரு?"

"எங்க ஊட்டுக்காரரக் காப்பாத்துன சாமி."

"ஓகோ. அந்த சாமிக்குப் பொண்டாட்டி கிண்டாட்டி உண்டா?"

அவள் கை நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இருக்கா, கடலூர்ல. சாமியக் கொண்டாந்து சேத்தவர அடிச்சித் தொரத்துன ஜனம் அது."

"அந்த ஜனம்தான் வந்து நிக்குது," என்றேன்.

அவள் பதில் சொல்வதற்குள் பலகையில் கிடந்த கத்தியை எடுத்து, ஸ்டூலில் ஏறி, ஃப்ளெக்ஸின் ஒரு பக்கத்துக் கயிற்றை அறுத்துவிட்டேன். அது மடிந்து பாதி மூஞ்சியோடு தொங்கியது. பவானி எழுந்து வந்து என் புடவையைப் பிடித்து இழுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து முறுக்கினேன். ஸ்டூல் சாய்ந்தது. கூட்டம் சேர்ந்துவிட்டது. எனக்கும் கூட்டம்தான் வேண்டியிருந்தது.

"விடு பவானி. அவுங்க கிழிக்கட்டும்."

பின்னாலிருந்து ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இளவரசு வந்து நின்றான். அன்றைக்குப் பார்த்ததைவிட இளைத்திருந்தான். முன்பல் ஒன்று இல்லை. அது எங்கள் தெருவில்தான் எங்காவது கிடக்கும்.

"வாங்கண்ணி," என்றான்.

"அண்ணின்னு இன்னொரு தரம் கூப்புட்டா நாக்க அறுத்துடுவேன். நான் ஒனக்கு எந்த ஊரு அண்ணி?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. திருப்பி ஒரு வார்த்தை திட்டினால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

"எல்லாரும் கேளுங்க," என்றேன் கூட்டத்தைப் பார்த்து. "இந்தப் படத்துல இருக்கறது என் புருஷன். ஒரே படகுல ரெண்டு பேரு போனாங்க. இவன் உசுரோட வந்தான், அவரு பொணமா வந்தாரு. எப்டின்னு இவனக் கேளுங்க. விட்டுட்டு ஓடனானா இல்லியான்னு கேளுங்க."

"நான் ஓடல," என்றான். குரல் எழும்பவே இல்லை. "அவரு என்னப் போகச் சொன்னாரு."

"சத்தமாச் சொல்லு. இங்க நிக்கறவங்களுக்குக் கேக்கல."

அவன் ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, பலகையில் கிடந்த மீனைப் பார்த்தான்.

"சாயங்காலம் போட்ட வலைய எடுக்கறதுக்கு விடிஞ்சதும் போனோம். எஞ்சின் படகு இல்ல, துடுப்பு போடற சின்ன படகு. எங்க கூடாரம் இருந்த கரைக்குக் கிட்டத்துலதான் வலை போட்டிருந்தோம். இழுத்தா வரல. அடியில மரத்துல மாட்டிக்கிச்சி. அறுத்துடலாம்ண்ணேன்னேன். அவரு கேக்கல. வலைய அறுக்கறதான்னு சொல்லிட்டுக் குதிச்சிட்டாரு."

அதை நான் நம்பினேன். வலையை அறுக்கச் சொன்னால் என் வீட்டுக்காரர் தன் விரலை அறுத்துக்கொள்வார்.

"அவரு முழுகி முழுகி எடுத்துட்டு இருந்தாரு. அப்போ மலையிலேர்ந்து மூட்டம் எறங்கிச்சி. கூடவே காத்து. படகு தள்ளிக்கினு போயிடுச்சி. நான் துடுப்பப் போட்டு நிறுத்தறதுக்குள்ள கரையும் தெரியல, அவரும் தெரியல. அண்ணேன்னு கத்தனேன். மரத்து நுனி ஒண்ணு தண்ணிக்கு மேல நிக்கும், அதப் புடிச்சிக்கினு இருந்தாரு போல. அங்கேர்ந்து சத்தம் குடுத்தாரு. நான் படக அந்தப் பக்கம்தான் திருப்பனேன். சாமி சத்தியமாத் திருப்பனேன். அதுக்குள்ள அவரு போயிடுடா, நீ தப்பிச்சிக்கடான்னு சொல்லிட்டாரு. எனக்கு நீச்சல் தெரியாதுன்னு அவருக்குத் தெரியும். அங்க வந்தா மரம் குத்திப் படகு கவுந்துடும்னு தெரியும். அதனாலதான் என்ன வேணாம்னுட்டாரு. எதிர்க்கரையில வேற ஆளுங்க கூடாரம் போட்டிருந்தாங்க. அவுங்களக் கூட்டிக்கினு வர்றதுக்குள்ள மூட்டம் வெலகிடுச்சி. மரம் மட்டும்தான் நின்னுச்சி."

கூட்டத்தில் ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கட்லாவைத் திரும்ப வைத்த ஆள், அந்தக் காலத்து மனுஷங்க மாதிரி, என்று யாரிடமோ சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. நான் ஒரு சாமியின் பெண்டாட்டி.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல. இவன் மேல் வரவில்லை. ஃப்ளெக்ஸில் பாதி மூஞ்சியோடு தொங்கிக்கொண்டிருந்தாரே, அவர் மேல் வந்தது. உயிரைக் கொடுத்தீராமே. யாரைக் கேட்டுக் கொடுத்தீர். அதில் எனக்குப் பங்கு இல்லையா. வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், போய்ச் சேர வேண்டும் என்ற நினைப்பு ஒரு நிமிஷம்கூடவா வரவில்லை. முந்தாநாள் பழகியவனுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டுச் சிரிக்கிறீர். அந்த நேரத்தில் செத்த மனுஷன் எதிரே வந்து நின்றிருந்தால் துடைப்பத்தாலேயே சாத்தியிருப்பேன்.

ஆனால் ஒன்று எனக்கு இடித்தது. நீ தப்பித்துக்கொள், என்னை விட்டுவிடு என்றெல்லாம் பேசுகிற ஆளே இல்லை அவர். பசிக்கிறது என்றுகூடச் சொல்ல மாட்டார், தட்டை நகர்த்துவார். என்னைக் கட்டிக்கொள்ள ஆசை என்பதைச் சொல்வதற்கே என் அண்ணனைத்தான் தூது அனுப்பினார். அப்படிப்பட்டவருக்கு மரத்து நுனியில் தொங்கும்போது இத்தனை வசனம் எங்கிருந்து வரும்.

"தப்பிச்சிக்கடான்னு சொன்னாரா?" என்று கேட்டேன்.

"ஆமாம்."

"அதே வார்த்தையா? நல்லா யோசிச்சிச் சொல்லு. நீ புரிஞ்சிக்கினத நான் கேக்கல. அவரு வாயிலேர்ந்து இன்னா வந்திச்சி?"

அவன் குழம்பினான். "மேக்க வலிடான்னாரு."

"இன்னா?"

"மேக்க வலிடா, மேக்க வலிடான்னு கத்தனாரு. துடுப்புப் போடறத வலிக்கறதுன்னுதான் அவரு சொல்லுவாரு. அவரு இருந்தது எனக்குக் கெழக்கால. கரையும் கெழக்காலதான். மேக்க பாத்தா முழுக்கத் தண்ணி, அந்தாண்ட எதிர்க்கரை. இங்க வராத, அந்தப் பக்கம் போயிடுன்னுதான அர்த்தம்? ரெண்டு மூணு தரம் கத்தனாரு. நான் வலிச்சேன். கொஞ்சம் நேரம் கேட்டுக்கினே இருந்திச்சி."

தகரக் கூரையின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் கரைக்குப் போ என்று யாரும் சொல்வதில்லை. கடல் எங்களுக்குக் கிழக்கே இருக்கிறது, வீடு மேற்கே இருக்கிறது. பிறந்ததிலிருந்து அப்படித்தான். அதனால் கடலுக்குள் போவது கிழக்கே போவது, கரைக்கு வருவது மேற்கே வருவது. அலையில் ரொம்ப தூரம் போய்விட்ட பிள்ளையை மேக்க வாடா என்றுதான் கூப்பிடுவோம். படகில் எஞ்சின் நின்று போனால், மேக்க வலி என்றால், கரைக்கு வலி என்று அர்த்தம். சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. என் வீட்டுக்காரர் கொஞ்ச காலம் கேரளாவுக்குப் படகு வேலைக்குப் போயிருந்தார். அங்கே கடல் மேற்கே. அங்கேயும் கரையைப் பார்த்து மேக்க மேக்க என்று சொல்லி, கூட இருந்தவர்கள் சிரித்து, அந்தப் படகில் அவருக்கு மேக்கன் என்றே பெயராகிவிட்டது. சொல்லித் திருத்தினாலும் மாறவில்லை, அது நாக்கில் அப்படியே ஊறிய சொல். கடலிலிருந்து எனக்குப் போன் போட்டு, மேக்க வந்துக்கினு இருக்கேன் என்பார். வேறு ஒன்றும் பேச மாட்டார். நான் எழுந்து உலை வைப்பேன்.

இவனை அவர் போகச் சொல்லவில்லை. கரைப்பக்கம் வலி, என் பக்கம் வலி என்று கூப்பிட்டிருக்கிறார். ரெண்டு மூணு தரம் கூப்பிட்டிருக்கிறார்.

"இப்ப சொல்லுங்க," என்றான் இளவரசு. அவன் கண் நிறைந்திருந்தது. "எனக்கு யாரு இருக்கா அப்டி செய்யறதுக்கு? எங்கூடப் பொறந்தவன் செய்வானா? என்னக் காப்பாத்தணும்னுதான அவரு அந்த மாதிரி சொன்னாரு? நீங்க சொல்லுங்க. நீங்க ஆமாம்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

ஒரு வருஷமாக இவனைக் கொல்ல ஒரு கத்தி தேடிக்கொண்டிருந்தேன். அதை அவனே கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, கழுத்தையும் நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பவானி என் காலில் விழுந்திருப்பாள். கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டிருக்கும். என் வீட்டுக்காரர் சிதம்பரத்தில் சாமியாகவே இருந்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் அப்படிச் சொன்னால் அவர் என்னை வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனவர் ஆகிவிடுவார். மரத்து நுனியைப் பிடித்துக்கொண்டு அவர் கரையைக் கேட்டார். வீட்டைக் கேட்டார். வரத்தான் பார்த்தார். ஒரு வருஷத்தில் எனக்குக் கிடைத்த நல்ல சேதி அது ஒன்றுதான். அதை இவன் நிம்மதிக்காக நான் எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்? மாட்டேன்.

"இல்ல," என்றேன்.

"இன்னாண்ணி?"

"எங்க ஊர்ல மேக்கன்னா கரை. அவரு ஒன்னப் போகச் சொல்லல. கரைப்பக்கம் வான்னு கூப்புட்டாரு."

முதலில் அவனுக்குப் புரியவில்லை. நான் இன்னொரு தரம் சொன்னேன். கடல் கிழக்கே, வீடு மேற்கே என்று குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னேன். எங்கே படகு ஓட்டினாலும் எங்கள் ஆட்களுக்குக் கரை மேற்குதான் என்றேன். சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

"பொய் சொல்றா," என்றாள் பவானி. "வயித்தெரிச்சல்ல சொல்றா. நம்பாதீங்க. ஏய், வாய மூடிக்கினு போறியா இல்லியா?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. "கூப்புட்டாரா?" என்று என்னைக் கேட்டான்.

"கூப்புட்டாரு."

"நான் வலிக்க வலிக்கக் கூப்புட்டுக்கினே இருந்தாரு," என்றான். அது என்னிடம் கேட்டது இல்லை. ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். கை இரண்டும் துடுப்புப் பிடித்த மாதிரியே முழங்காலின் மேல் கிடந்தன. அழுதுகொண்டிருந்த அம்மாள் என்னைப் பேயைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பவானி அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். பிறகு என் பக்கம் திரும்பி, இனி இந்த மனுஷனை நான் எப்படிச் சோறு தின்ன வைப்பேன், இதற்குத்தான் வந்தாயா, நீ நல்லா இருப்பாயா என்று கேட்டாள். எல்லாம் நியாயமான கேள்விகள்தான். எதற்கும் பதில் சொல்லாமல் ரோட்டைத் தாண்டி நிறுத்தத்தில் போய் நின்றேன்.

ஷேர் ஆட்டோ ஒன்று நிரம்பி வந்தது, நிற்காமல் போயிற்று. அடுத்ததுக்காக நின்றபோதுதான் அழுகை வந்தது. அவர் செத்த அன்று அழாத அழுகை. அன்று கோபம்தான் இருந்தது, அழ இடமே இல்லை. வெயிலில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டு, வந்திருப்பீரே, எப்படியாவது வந்திருப்பீரே என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் வந்து யாரோ நின்றார்கள். இளவரசு. மீன் இரத்தம் பட்ட கையைத் துடைக்கவும் இல்லை.

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன்," என்றான். "மரம் குத்தனாக் குத்தட்டும்னு வந்திருப்பேன். நீங்க நம்பணும்னு சொல்லல. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவனைப் பார்த்தேன். பொய் சொல்கிற மூஞ்சி இல்லை அது. என் வீட்டுக்காரர் சொன்னது சரிதான், நல்ல மாதிரிதான். அது புரிந்ததும் எனக்குக் காலடியில் இருந்த தரை போன மாதிரி ஆகிவிட்டது. அண்ணனிடம் போய் என்ன சொல்வேன். நாளைக் காலையில் யாரைத் திட்டிக்கொண்டே எழுந்திருப்பேன்.

"வந்திருப்பேன்னு தெரியுதுடா," என்றேன். "வராத ஆளா நீ இருந்திருந்தா எனக்கு எவ்ளோ நல்லா இருந்திருக்கும்."

ஆட்டோ வந்தது. ஏறிக்கொண்டேன்.